சருகுக்கு ஓர் அறை

காலை எட்டரை மணிக்கு ஓர் அரசுப் பள்ளி வளாகத்தைச் சுற்றி வந்தால் பல ஊர்களில் ஒரே காட்சிதான். முன்பக்கத்தில் வேம்பும் புங்கையும் நாட்டு வாதுமையும் உதிர்த்த சருகைக் கூட்டிக் குவித்து யாராவது தீ வைத்திருப்பார்கள். பின்பக்கத்தில் சத்துணவுக் கூடத்து வாசலில் ஒரு வாளி: வெங்காயத் தோல், கத்தரிக்காய்க் காம்பு, முருங்கைக்காயின் நுனி, அழுகிய தக்காளி, முட்டை ஓடு. மத்தியானத்துக்கு மேல் அந்த வாளி சுற்றுச்சுவர் ஓரத்துக் குழியில் கவிழும். முன்பக்கம் புகை, பின்பக்கம் நாற்றம். பள்ளி இவற்றை இரண்டு தனித்தனித் தொல்லைகளாகப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொல்லையே இல்லை. எரிகிற சருகில் இருப்பது அந்தக் குழிக்கு வேண்டியது. குழியில் நாறுவது அந்தச் சருகுக்கு வேண்டியது.

மட்குதல் என்று நாம் சொல்வது நுண்ணுயிர்கள் சாப்பிடுவதைத்தான். அவற்றின் சாப்பாட்டில் இரண்டு பொருள்கள் முக்கியம். ஒன்று கார்பன், அது எரிபொருளும் உடல் கட்டும் பொருளும். மற்றது நைட்ரஜன், நம் விவசாயிகள் தழைச்சத்து என்பது. அது இல்லாமல் புரதம் இல்லை, புரதம் இல்லாமல் புதிய செல் இல்லை. ஒரு பாக்டீரியாவின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை கார்பன் இருக்கிறது. அப்படியானால் பத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் போதாதா? போதாது. தான் உண்ட கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அது கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் விட்டுவிடுகிறது. உடலில் தங்கும் பத்துப் பங்குக்காக இன்னும் இருபது பங்கு எரிய வேண்டும். மட்குக் குவியலில் 25-க்கு 1 முதல் 30-க்கு 1 வரை கார்பனும் நைட்ரஜனும் இருக்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சாப்பாட்டுக் கணக்குதான்.

காய்கறிக் கழிவில் இந்த விகிதம் பதினைந்தை ஒட்டி நிற்கும். பசுஞ்சாணத்தில் இருபதை ஒட்டி. சருகில் மரத்தைப் பொறுத்து 40 முதல் 80 வரை. வைக்கோலில் 80 அளவு. தென்னை நார்க்கழிவில் நூறுக்கு மேல். மரத்தூளில் பல நூறு. சருகை மட்டும் குவித்து வைத்தால் நைட்ரஜன் பற்றாமல் ஒரு வருடமானாலும் அப்படியே கிடக்கும். காய்கறிக் கழிவை மட்டும் குவித்தால் மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துபோகும். அதைவிட மோசம், கழிவு நசுங்கிக் கூழாகிக் காற்று புக வழியே இல்லாமல் போகும்.

இதை ஒரு பள்ளிக்குக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். முந்நூறு பிள்ளைகள் மதியம் சாப்பிடும் பள்ளி. நாளுக்கு 8 கிலோ காய்கறிக் கழிவு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளியில் எவ்வளவு என்பதை ஒரு வாரம் தராசில் நிறுத்துத்தான் சொல்ல முடியும்; அந்த வேலையை ஆறாம் வகுப்பிடம் கொடுத்தால் சராசரி என்கிற பாடம் தானாக நடந்துவிடும். எட்டுக் கிலோவில் 85 சதவீதம் தண்ணீர். மிச்சம் 1.2 கிலோ உலர்பொருள். அதில் கார்பன் ஏறக்குறைய 540 கிராம், நைட்ரஜன் 36 கிராம். ஒரு கிலோ சருகில் ஈரம் போக கார்பன் 400 கிராம், நைட்ரஜன் 8 கிராம் என்று கொள்வோம். இரண்டும் கலந்து விகிதம் 30-ஐத் தொட வேண்டுமானால் எட்டுக் கிலோ கழிவுக்கு 3.4 கிலோ சருகு தேவை. 25 போதும் என்றால் 1.8 கிலோ. எடையில் சருகு குறைவாகத் தெரிகிறது. ஆனால் சருகு எவ்வளவு லேசு என்பது கூட்டியவர்களுக்குத் தெரியும். அளவில் பார்த்தால் ஒரு வாளி கழிவுக்கு மூன்று வாளி சருகு. நொறுக்கிய சருகானால் இரண்டு வாளி.

இந்தக் கலவையின் ஈரத்தையும் பார்த்துவிடலாம். கழிவின் 6.8 கிலோ தண்ணீரும் சருகில் ஒட்டியிருக்கும் கொஞ்ச ஈரமும் சேர்ந்து மொத்த எடையில் அறுபது சதவீதத்துக்குச் சற்றே மேல் வருகிறது. மட்குவதற்கு உகந்த ஈரம் 50 முதல் 60 சதவீதம். விகிதத்தைச் சரிசெய்யப் போட்ட சருகே ஈரத்தையும் ஏறக்குறைய சரிசெய்துவிட்டது. இயற்கை இப்படி எப்போதும் தயவு காட்டுவதில்லை; காட்டும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது வருடக் கணக்கு. பள்ளி நடக்கும் நாள் சுமார் 200 என்றால் வருடத்துக்கு 350 முதல் 700 கிலோ சருகு வேண்டும். கழிவு தினமும் வருகிறது. சருகு அப்படி வருவதில்லை. நம் ஊர் மரங்களில் பெரும்பாலானவை மாசி, பங்குனியில் மொத்தமாகக் கொட்டும்; ஐப்பசி மழையில் ஒரு கூடை காய்ந்த இலை தேடினாலும் கிடைக்காது. பள்ளிகளில் கட்டப்பட்ட உரத்தொட்டிகள் பல ஏன் ஒரே வருடத்தில் குப்பைத் தொட்டியாக மாறுகின்றன என்று கேட்டால், என் பதில் இதுதான்: தொட்டி கட்டினார்கள், சருகுக்கு இடம் கட்டவில்லை. ஜூலையில் ஆர்வமாகக் கழிவைப் போடத் தொடங்குகிறார்கள். பங்குனியிலேயே எரித்துத் தீர்த்துவிட்ட சருகு அப்போது கையில் இல்லை. இரண்டாவது வாரம் ஈ, மூன்றாவது வாரம் நாற்றம், நான்காவது வாரம் தலைமையாசிரியர் மூடச் சொல்லிவிடுவார்.

ஆகவே கட்டுமானத்தைச் சருகு அறையிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குச் செங்கல் தேவையில்லை. நான்கு கம்பம், சுற்றிலும் கோழிவலை, மேலே ஒரு கீற்றுக் கூரை. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 6 கன மீட்டர். தளர்வாகக் கொட்டினால் 350 கிலோவுக்கு அருகில் பிடிக்கும். பிள்ளைகளை உள்ளே விட்டு மிதிக்கச் சொன்னால் அதைப்போல் இன்னொரு மடங்கு. காய்ந்த சருகு நெருப்புக்கும் பாம்புக்கும் பிடித்த இடம் என்பதால் சமையல் அடுப்பிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். மிதிப்பதானால் கூட்டிக் கொட்டிய அன்றே, காலில் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, ஓர் ஆசிரியர் பக்கத்தில் நிற்க மிதிக்க வேண்டும். பல நாள் கிடந்த குவியலில் பிள்ளைகள் இறங்கக் கூடாது. எடுக்கும்போது நேரே கை விடாமல் முதலில் குச்சியால் தட்டிக் கலைக்க வேண்டும். வேம்பு, புங்கை, வாகைச் சருகுகள் நன்றாக மட்கும். புங்கையும் வாகையும் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இலையில் நைட்ரஜன் கூடுதல். தைல மர இலையும் தேக்கிலையும் மெதுவானவை. மற்றவற்றோடு கலந்து கொஞ்சமாகப் போடலாம். மரமே இல்லாத நகரத்துப் பள்ளிகளுக்கும் வழி உண்டு. பழைய வினாத்தாள், கிழிந்த அட்டைப்பெட்டி, வேர்க்கடலைத் தோல், மரப்பட்டறைத் தூள் எல்லாம் சருகின் வேலையைச் செய்யும். பளபளப்பான பூச்சுள்ள தாள் வேண்டாம்.

அடுத்தது தொட்டி. அதன் அளவைத் தீர்மானிப்பது இடவசதி அல்ல, வெப்பம்.

ஒரு கிராம் சர்க்கரை முழுவதுமாக ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் ஏறக்குறைய 16 கிலோஜூல் வெப்பம் வரும். அடுப்பில் எரிந்தாலும் பாக்டீரியாவின் உடலுக்குள் மெதுவாக எரிந்தாலும் வெளிவரும் ஆற்றல் ஒன்றுதான். நம்முடைய ஒரு நாள் கலவையை, அதாவது 8 கிலோ கழிவும் 3.4 கிலோ சருகும் சேர்ந்ததை, 30 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்ற ஏறக்குறைய 1,100 கிலோஜூல் வேண்டும். எழுபது கிராம் சர்க்கரைக்குச் சமமான பொருள் எரிந்தால் போதும். கலவையின் உலர்பொருளில் இது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. பிறகு ஏன் சமையலறை மூலையில் கிடக்கும் வாளி சுடுவதில்லை? அதிலும் வெப்பம் பிறக்கத்தான் செய்கிறது. பிறந்த கையோடு ஓடிவிடுகிறது. தம்ளரில் ஊற்றிய சாம்பார் சீக்கிரம் ஆறிவிடும், அண்டாவில் இருப்பது மணிக்கணக்கில் சுடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வெப்பம் பிறப்பது பருமனில், வெளியேறுவது மேற்பரப்பில். பத்து சென்டிமீட்டர் கனசதுரத்துக்கும் ஒரு மீட்டர் கனசதுரத்துக்கும் இடையே, ஒரே அளவு பருமனுக்கு உள்ள மேற்பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. அதனால்தான் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தினால் வேறு சிக்கல் வரும்: தன் எடையிலேயே குவியல் நசுங்கி அடியில் காற்றில்லாமல் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டவும் எட்டாது.

நம் முந்நூறு பிள்ளைகள் பள்ளிக்கு ஒரு கன மீட்டர் தொட்டி எத்தனை நாள் வரும்? தினம் சுமார் 70 லிட்டர் கலவை, வாரத்துக்கு 350. ஆனால் மட்கும் பொருள் வேகமாக அமுங்கும். ஓரிரு வாரத்தில் மூன்றில் ஒன்றாகிவிடும். வாரத்துக்கு 120 லிட்டர் என்று வைத்தால் நிரம்ப எட்டு வாரம். அது நிரம்பியதும் அடுத்த தொட்டி. இரண்டாவது நிரம்புவதற்குள் முதலாவது மட்கி முடிந்திருக்கும். ஆக, நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டைத் தொட்டி. ஒரே ஒரு பெரிய தொட்டி கட்டுவது வீண். மேலே புதிய கழிவு விழுந்துகொண்டே இருக்கும். அடியில் இருப்பதை எடுக்கவே முடியாது.

காற்றுக்கு வருவோம். குவியலுக்குக் காற்று விட்டு மட்கச் செய்யும் சிந்தனைக்கு இந்தியாவில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1905-இல் பிகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றினார். நம் விவசாயிகளிடமிருந்தும், சீன, ஜப்பானிய விவசாயிகளைப் பற்றி எஃப். எச். கிங் 1911-இல் வெளியிட்ட நூலிலிருந்தும் அவர் கற்றதை அளந்து, பதிந்து, திருத்தி ஒரு முறையாக்கினார். செடிக் கழிவையும் மாட்டுத் தொழுவக் கழிவையும் அடுக்கடுக்காகப் போடுவது, ஈரம் பார்ப்பது, சில முறை கிளறிவிடுவது, மூன்று மாதத்தில் உரம் எடுப்பது. இதுதான் இந்தூர் முறை. அவரும் உடன் உழைத்த யஷ்வந்த் வாடும் சேர்ந்து 1931-இல் அதை நூலாக எழுதினார்கள். வேதியியலாளரான வாடின் பெயர் ஹோவர்டின் புகழில் மறைந்துபோனது. இப்படிப்பட்ட மறைவுகள் அந்தக் காலத்து அறிவியலில் ஏராளம்.

கிளறுவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஆள் இல்லாமல் காற்றை எப்படி உள்ளே விடுவது என்று யோசித்தவர் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்து விவசாயி நாராயண் தேவ்தாவ் பாண்டரிபாண்டே. அவர் பெயரின் எழுத்துகளைச் சுருக்கித்தான் 'நாடெப்' தொட்டி என்கிறோம். பத்து அடி நீளம், ஆறு அடி அகலம், மூன்று அடி உயரம். செங்கல் சுவரில் சில வரிசைகளில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டியது. குவியல் உள்ளே சூடாகும்போது சூடான காற்று மேலே எழும். பக்கத்து ஓட்டைகள் வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். இயந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு விவசாயி வெப்பச்சலனத்தை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கு நாடெப்பின் முழு அளவு வேண்டாம். அதன் சுவர் போதும். நாலரை அங்குலச் சுவர், மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது வரிசைகளில் இரண்டு கல்லுக்கு ஒரு இடைவெளி. வரிசைக்கு வரிசை இடைவெளி தள்ளி வரட்டும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக விட்டால் சுவர் பலமிழக்கும். மூலைகளில் ஓட்டை கூடாது. முன்பக்கத்தைக் கட்டாமல், இரு ஓரத்திலும் பள்ளம் விட்டுப் பலகைகளைச் செருகும்படி வைத்தால், நிரம்ப நிரம்ப ஏற்றலாம், அள்ளும்போது ஒவ்வொன்றாக உருவலாம். தரைக்கு சிமென்ட் போட வேண்டாம். கசியும் நீர் மண்ணில் இறங்க வேண்டும், மண்புழு ஏறி வர வேண்டும். ஆனால் எலியும் பெருச்சாளியும் அதே வழியில் வரும். அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் கம்பி வலையை விரித்துவிட்டால் புழு வரும், எலி வராது. சுவரின் ஓட்டைகளுக்கும் உள்பக்கமாக அதே வலை. மேலே சாய்வாக ஒரு தகரம், வடகிழக்குப் பருவமழையின் சாரலைத் தடுக்கும் அளவுக்கு நீண்டு.

கொத்தனார் வேலை செய்யும்போது ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. ஓட்டைச் சுவர் கட்டுவது கொத்தனாருக்குக் கௌரவக் குறைச்சல். கண் அசந்தால் இடைவெளியைக் கலவையால் அடைத்து, மேலே வழவழப்பாகப் பூசியும் கொடுத்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும், உள்ளே மூச்சு முட்டும். செங்கலுக்கு வழியில்லை என்றால் துளையிட்ட கிணற்று உறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் வேலை நடக்கும்.

எங்கே கட்டுவது? கிணறு, ஆழ்துளைக் குழாயிலிருந்து விலகி, மர நிழலில், தண்ணீர் தேங்காத மேட்டில். இவற்றோடு இன்னொன்று: சமையல் செய்பவர் நடக்கத் தயாராக இருக்கும் தூரத்தில். மைதானத்தின் கடைசி மூலையில் கட்டிவிட்டு, "தெனமும் அங்க கொண்டுபோய்க் கொட்டுங்கக்கா" என்று சமையலரிடம் சொன்னால், மூன்று நாள் போகும் வாளி நான்காம் நாள் பழைய குழியிலேயே கவிழும். முட்டை வேகிறது, அரிசி உலை கொதிக்கிறது, பன்னிரண்டரைக்குத் தட்டோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இப்போது முட்டையும் உண்டு என்பதால் பள்ளிக் கழிவில் முட்டை ஓடு தவிர்க்க முடியாதது. ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பாக்டீரியாவுக்கு அதில் சாப்பிட ஒன்றுமில்லை. முழுதாகப் போட்டால் முழுதாகவே திரும்பி வரும். காயவைத்து நொறுக்கிப் போட்டால் மண்ணில் மெல்லக் கரையும். மிஞ்சிய சோறு சிக்கலானது. அது பிசின்போல் ஒட்டிக் காற்றை அடைக்கும், எலியை அழைக்கும். கொஞ்சமாக, குவியலின் நடுவே பள்ளம் பறித்துப் போட்டு, மேலே சருகால் மூட வேண்டும். குழம்பும் எண்ணெயும் உப்பு மிகுந்ததும் வேண்டாம். இறைச்சி, எலும்பு, நாய் பூனைக் கழிவு கூடவே கூடாது. ஒவ்வொரு நாளும் கழிவைப் போட்டதும் மேலே கண்ணுக்குக் கழிவே தெரியாதபடி சருகு. தொடக்கத்தில் ஒரு வாளி சாணக் கரைசல் தெளிக்கலாம். கடையில் விற்கும் 'நுண்ணுயிர்க் கரைசல்' பாட்டில்கள் அவசியமில்லை. சருகிலும் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் நுண்ணுயிர்களே தாராளம்.

உள்ளே நடப்பது ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வரும் கதை. முதல் சில நாள்களில் சாதாரண வெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையையும் மாவையும் தின்று பெருகும். அவற்றின் மூச்சுச் சூட்டிலேயே குவியல் 40 டிகிரியைத் தாண்டும். தாண்டியதும் அவற்றால் தாங்க முடியாது. அந்த இடத்தை வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்கள் பிடித்துக்கொள்ளும். 55, 60 டிகிரியில்தான் அவற்றுக்குச் சுகம். எழுபதை நெருங்கினால் அவையும் அடங்கும். 55 டிகிரிக்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழியும் என்பது மூடிய கலன்களில் மட்கச் செய்வதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அளவுகோல். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும் பள்ளித் தொட்டி முழுவதும் அந்தச் சூட்டை எட்டும் என்று நம்பி இறங்கக் கூடாது; அதனால்தான் இறைச்சியையும் விலங்குக் கழிவையும் வாசலிலேயே நிறுத்துகிறோம். தொட்டி நிரம்பிய பிறகு ஒருமுறை மொத்தமாகக் கிளறி, ஓரத்தில் இருந்ததை நடுவுக்குத் தள்ளினால் புதிய காற்று கிடைத்துச் சூடு மறுபடி ஏறும்.

இதை அளக்க ஆய்வகத்துக் கண்ணாடி வெப்பமானியை உள்ளே செருகாதீர்கள்; உடைந்தால் பாதரசம் உரத்தில் கலக்கும். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் பத்து நிமிடம் செருகி உருவி, ஆசிரியர் முதலில் பதமாகத் தொட்டுப் பார்க்கட்டும். பிடித்திருக்க முடியாத சூடு என்றால் ஐம்பதுக்கு மேல் என்று தோராயமாகக் கொள்ளலாம். அடுப்பில்லாமல், வெயிலில்லாமல், காய்கறித் தோலிலிருந்து வந்த சூடு. ஏழாம் வகுப்பில் சுவாசித்தல் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை.

சூடு தணிந்த பிறகு பூஞ்சைகளும், பூஞ்சைபோல் இழையாக வளரும் பாக்டீரியாக்களான ஆக்டினோமைசீட்டுகளும் வரும். செல்லுலோசையும் மரத்தன்மையுள்ள லிக்னினையும் உடைக்கும் பொறுமையான வேலை இவற்றுடையது. குவியலைக் கிளறினால் சாம்பல் தூவியதுபோல் வெள்ளையாகத் தெரிவது இவைதான். பூசணம் என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம். முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குபவையும் ஆக்டினோமைசீட்டுக் குடும்பத்தவையே. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் மட்கையும் பல ஆண்டுகள் ஆராய்ந்த செல்மன் வாக்ஸ்மன், 1939-இல் தொழுஉரக் குவியலின் வெப்பநிலைக்கு ஏற்ப நுண்ணுயிர்க் கூட்டம் எப்படி மாறுகிறது என்று கட்டுரை எழுதியவர். அவருடைய ஆய்வகத்தில்தான் 1943-இல் ஆல்பர்ட் ஷாட்ஸ், ஓர் ஆக்டினோமைசீட்டிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். காசநோய்க்கு முதன்முதலாக நன்றாகக் கேட்ட ஆன்டிபயாடிக் எருப் போட்ட மண்ணின் உறவுக்காரன் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், தொட்டியைப் பார்க்கும் பார்வையே மாறும்.

தொட்டியில் தவறு நடந்தால் மூக்கு சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. காற்று போகவில்லை, ஈரம் அதிகம். கிளறிச் சருகு சேர்க்க வேண்டும். காற்றில்லாத குவியல் மீத்தேனையும் விடும். நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. சிறுநீர்க் காரம் போல் மூக்கைத் துளைத்தால் அம்மோனியா. நைட்ரஜன் மிஞ்சிவிட்டது, மறுபடியும் சருகு. வாசனையே இல்லாமல், சூடும் இல்லாமல் கிடந்தால் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. கொழுத்த பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் பெரும்பாலும் அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள்; அருவருப்பாக இருக்கும், கழிவைத் தின்பதில் கெட்டி. நோய் பரப்பும் வீட்டு ஈ வேறு.

ஒன்றைப் பெரிதாக்கிச் சொல்லாமல் இருப்பது நேர்மை. உரமாக்கினால் கார்பன் எல்லாம் மண்ணில் தங்கிவிடும் என்று சில பிரசுரங்கள் சொல்கின்றன. தங்காது. சருகும் கழிவும் மட்கும்போது அவற்றின் கார்பனில் பாதியோ அதற்கு மேலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். நூறு கிலோ போட்டு முப்பது கிலோ எடுக்கும்போது "மிச்சம் எங்கே சார் போச்சு?" என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும், காற்றில் போயிற்று என்பதுதான் சரியான பதில். எரிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. எரித்தால் நைட்ரஜன் ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது பொட்டாசியமும் கொஞ்சம் பாஸ்பரசும். நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் கலந்த அந்தப் புகையைக் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிறுவன வளாகங்கள் மட்கும் கழிவை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன. விதிக்காகக் கட்டிய தொட்டிகள் படம் எடுத்ததோடு நின்றதும் உண்டு.

பள்ளியின் நாள்காட்டி இந்த வேலைக்குக் கொஞ்சம் ஒத்துழைக்கிறது. பங்குனியில் சருகு கொட்டும். அறையை நிரப்பிய பிறகும் மிஞ்சினால், ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் சாணத்தோடு சேர்த்து காலியான ஒரு தொட்டியை ஒரே நாளில் நிரப்பி, நன்றாக நனைத்து மூடிவிட்டுப் போகலாம். கோடை விடுமுறை முழுவதும் அது தன் வேலையைப் பார்க்கும். ஜூனில் பள்ளி திறந்து ஒருமுறை கிளறி வைத்தால் ஆடிப் பட்டத்துக்கு உரம் தயார். ஒரே ஒரு கண்டம், மே மாத வெயிலில் காய்ந்து நின்றுவிடும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற இரவுக் காவலரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டும்.

யார் கிளறுவது என்பதை எழுத்தில் வைத்துவிடுவது நல்லது. பள்ளியில் துப்புரவு வேலை எந்தத் தெருப் பிள்ளைகள் தலையில் விழுகிறது என்பது நம் ஊரில் பழைய, கசப்பான கேள்வி. உரத்தொட்டி அந்தக் கேள்விக்கு இன்னொரு உதாரணமாகிவிடக் கூடாது. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லாருக்கும் முறை, ஆசிரியர்களுக்கும் முறை. தண்டனையாக யாரையும் அனுப்பக் கூடாது. கிளறும்போது பூஞ்சை வித்துகள் தூசியாகப் பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், குவியலைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டு கிளற வேண்டும், இழுப்பு உள்ள பிள்ளைகளுக்குத் தராசு வேலையோ பதிவேட்டு வேலையோ தர வேண்டும். முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

உரம் முதிர்ந்ததா என்று பார்க்க நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து, ஒன்றில் வெறும் மண்ணும் மற்றதில் பாதி மண் பாதி உரமும் நிரப்பி, இரண்டிலும் இருபது இருபது வெந்தயம் விதையுங்கள். உரத்தில் முளைப்பு குறைந்தாலோ வேர் கருகினாலோ அதில் இன்னும் கரிம அமிலங்களும் அம்மோனியாவும் இருக்கின்றன. இன்னும் சில வாரம் விட வேண்டும். இரண்டும் சமமாக முளைத்தால் எடுக்கலாம்.

நம் கணக்குப் பள்ளியில் வருடத்துக்கு ஏறக்குறைய 600, 700 கிலோ உரம் வரும். சதுர மீட்டருக்கு 3 கிலோ போட்டால் ஐந்து சென்ட் தோட்டத்துக்குத் தாராளம். முருங்கை, கீரை, கறிவேப்பிலை வைக்க அது போதும். இடமில்லாத பள்ளி, சருகு கொடுத்த மரங்களின் தூரிலேயே போடலாம். போடுவதற்கு முன் சலிக்க வேண்டும். சல்லடையில் தங்கும் மட்காத குச்சி, மாங்கொட்டை, முட்டை ஓட்டுத் துண்டு எல்லாம் அடுத்த தொட்டியின் அடி அடுக்காகப் போகட்டும். அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே அங்கே தொடக்கம் தரும். பேனா மூடி, மிட்டாய் உறை, பால் பாக்கெட்டின் கத்தரித்த மூலை, ரீஃபில் ஆகியவை கட்டாயம் வரும். அவற்றைத் தனியே எண்ணி வகுப்புவாரியாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், அடுத்த முறை சலிக்கும்போது கொஞ்சம் குறைவாக வரும்.